பிள்ளைங்க ஆட மறந்தாங்களா, ஆடின மண்ணு போச்சா?



"இப்பத்த பிள்ளைங்களுக்கு விளையாடத் தெரியல, எந்நேரமும் கைப்பேசிதான்" என்று கோயிலுக்கு வரும் பெரியவங்க குறைப்படுகிறார்கள். அதற்கு முன்னே நம்ம தோட்டத்துக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு. வெயில் ஏறினா பால் வடியாது. அதனால மத்தியானத்தோட வேலை முடிஞ்சிடும். சாயங்காலம் பெரியவங்க எல்லாரும் லயத்துல இருப்பாங்க. மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் மூணும் கூப்பிடு தூரம். காசு கொடுத்து நாங்க ஒண்ணும் வாங்கல. வெயில் காலத்தில் வெடிச்சு விழும் ரப்பர் விதையே போதும். ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக் கையால ஓங்கிக் குத்துவோம். உடையாத விதைக்காரன் ராஜா. கோலி, பம்பரம், பாண்டி எல்லாம் அந்தச் செம்மண் தரையிலதான்.

பிறகு 1950, 60களில் தோட்டத் துண்டாடல் வந்தது. அதை எதிர்கொள்ளத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்து பல தோட்டங்களில் ரப்பரை அழிச்சுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் கம்மி. மட்டையெல்லாம் முள்ளு, அடியில பிள்ளைங்க ஓட முடியாது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொடங்கி, தொழிற்பேட்டைகள் பெருகின. இளசுகள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். அப்பா தூங்கும் நேரத்தில் அம்மா வேலையில். எல்லாருக்கும் பொதுவான சாயங்காலம் இல்லாமல் போச்சு.

புத்ராஜெயாவும் ஒரு காலத்தில் பெராங் புசார் தோட்டம்தான். 1995இல் கட்டுமானம் தொடங்கியது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடிக்கு மாறினார்கள்.

வளர்ச்சியைக் குறை சொல்லல. இருட்டில் மரம் வெட்டி, பால் வாளி தூக்கின வாழ்க்கை நம்ம பிள்ளைங்களுக்கு வேண்டாம். ஆனா ஒண்ணு: மூணு தலைமுறை உழைத்தும் அந்தத் திடல் நம்ம பேரில் இல்லை. தோட்டம் கைமாறியதும் விளையாட்டும் போச்சு. பிள்ளைங்க அதை மறக்கல, அவங்க கைக்கு அது வந்து சேரவே இல்லை.

இப்போ கோயில் பின்புற மண் தரையில் சிமெண்டு போட்டு முழுசும் கார் நிறுத்தலாம் என்று பேச்சு. தொண்டர்கள் நாங்கள் கேட்பது: பாதியை மண்ணாகவே விடுங்க. ஞாயிறு தேவார வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்க அங்கே ஓடட்டும். அடுத்த கூட்டத்துக்கு வந்து உங்க கருத்தையும் சொல்லுங்க.