சேய்த் தனிமங்களின் பருமனும் நுரையீரலின் கதிரளவும்

ரேடான் வாயு நுரையீரலைத் தாக்குகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். ரேடான்-222இன் அரை ஆயுள் 3.8 நாள்; மூச்சில் புகுந்ததில் பெரும்பகுதி சிதையுமுன்பே வெளியேறிவிடுகிறது. கதிரளவை ஏற்றுபவை அதன் குறுகிய ஆயுள்கொண்ட சேய்த் தனிமங்கள். ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் நோய் நுரையீரல் புற்று வகையைச் சேர்ந்தது என்று ஹெர்ட்டிங்கும் ஹெஸ்ஸேயும் 1879இல் காட்டினர். கதிரளவின் பெரும்பங்கு சேய்த் தனிமங்களால் வருவதை வில்லியம் பேல் சுட்டிக்காட்டியதோ 1951இல்தான். பொலோனியம்-218, பொலோனியம்-214 உமிழும் ஆல்பாத் துகள்கள் திசுவில் முறையே ஏறத்தாழ 50, 70 மைக்ரோமீட்டரே ஊடுருவும். மூச்சுக்குழாய்ச் சுவரின் அடித்தளச் செல்களின் உட்கருக்கள் கிடப்பதும் 35 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆழத்தில். ஆகவே, எந்தக் குழாயில் எது படிகிறது, சளி அதை எவ்வளவு விரைவாக மேலே தள்ளுகிறது என்பவற்றைக் கணக்கிடாத எந்த அளவையும் கதிரளவு ஆகாது.

சுரங்கத் தொழிலாளரின் இறப்புக் கணக்கே போதாதா, இவற்றைக் கணக்கிடும் மாதிரி எதற்கு என்று கேட்கலாம். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1993இல் அந்த வழியைத்தான் தேர்ந்து, தொழிலாளர்க்கு ஒரு பணிநிலை மாதத்துக்கு (சேய்த் தனிமங்களுக்கு ஆட்படும் அளவின் அலகு) 5 மில்லிசீவர்ட் என்று வகுத்தது. அடுத்த ஆண்டு வெளியான சுவாசப் பாதை மாதிரியோ ஏறத்தாழ 15 என்றது. மாதிரியே பழுது என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. ஆல்பாவுக்கு 20 என்னும் எடைக் காரணியும், மூச்சுப் பாதையின் மூன்று பகுதிகளுக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு என்ற பகிர்வும் உடன்பாட்டு மதிப்புகளே. இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2010இல் ஆணையம் புதிய தரவுகளைக் கொண்டு ஒரு பணிநிலை மாதத்துக்கான வாழ்நாள் இடரை 10,000க்கு 2.8இலிருந்து 5ஆக உயர்த்தியபோது, இறப்புக் கணக்கின் வழி கிடைக்கும் எண் 12ஐ ஒட்டி வந்தது. இடைவெளி பெரிதும் குறைந்தது, இறப்புக் கணக்கு மாதிரியை நோக்கி நகர்ந்ததால்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வீடுகளில் வாயுவை மட்டும் அளந்தே ஐரோப்பிய ஆய்வுகள் இடரைக் கண்டறிந்தன, 2005இல் வெளியான கூட்டாய்வு, அளவீட்டுப் பிழையைத் திருத்தியபின், கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு 16 விழுக்காடு உயர்வைக் காட்டியது. பிறகு துகளின் பருமன் எதற்கு? தூசியும் புகையும் மிக்க அறையில் சேய்த் தனிமங்கள் காற்றிலேயே மிதந்திருக்கும். ஆனால் அவை தூசியில் ஒட்டிக்கொள்வதால் மூச்சுக்குழாயில் குறைவாகப் படியும். தூய காற்றில் அவை சுவரிலும் தரையிலும் படிந்து குறையும். எஞ்சுபவற்றில் ஒட்டாதவை மிகும், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் பருமனுள்ள அவை மூச்சுக்குழாயில் பன்மடங்கு படியும். இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்வதால்தான் வீட்டில் வாயுவின் அளவே கதிரளவுக்கு நம்பத்தக்க குறியாகிறது. அந்த நம்பிக்கை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை வாயுமானி சொல்லாது. தூசி அரிதான சுற்றுலாக் குகைகளில் ஒட்டாத பங்கு மிகுதி. அங்குப் பணிபுரிவோர்க்கு ஆணையம் பின்னர்ப் பரிந்துரைத்த, ஆட்பட்ட அளவைக் கதிரளவாக மாற்றும் காரணி, வழக்கமான பணியிடங்களுக்கு உரியதைப்போல் இருமடங்கு. குகைத் தொழிலாளர் தொகை மிகச் சிறியது. அவர்களுக்கான இந்த எண்ணை இறப்புக் கணக்கிலிருந்து பெற வழியே இல்லை.