அம்மியில் அரைபடும் மெக்சிகோ

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் மூலனூருக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் சால்சா செய்து காட்டினான். தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கினான். உப்புப் போட்டான், எலுமிச்சை பிழிந்தான். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அம்மிச்சி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நம்ம பச்சைப் புளி ரசமாட்டந்தானே கண்ணு இருக்குது. புளிக்குப் பதிலாத் தக்காளி போட்டிருக்கறே, அவ்வளவுதான்.”

அன்று எல்லோரும் சிரித்தோம். பின்னர் உணவு வரலாறு குறித்துக் கொஞ்சம் வாசித்தபோது, அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் ஐந்நூறு ஆண்டுக் கதை ஒன்று இருப்பது தெரிந்தது.

பச்சைப் புளி ரசத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது கொங்கு நாட்டில் கொதிக்கவைக்காமல் செய்யும் ரசம். புளியைக் கரைத்து, அதில் சின்ன வெங்காயம், மிளகாய், சீரகம், பூண்டு, கொத்தமல்லி ஆகியவற்றை நசுக்கிப் போட்டு, உப்பும் துளி வெல்லமும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து விடுவார்கள். தாராபுரத்துக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் மூலனூர் போன்ற வறண்ட நிலத்து ஊர்களுக்கு ஏற்ற உணவு அது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவருக்கு அடுப்பு மூட்டாமல் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். புளிப்பு, காரம், உப்பு, பச்சை வாசனை என்னும் நான்கும் சேர்ந்த கலவை என்று பார்த்தால் சால்சாவின் இலக்கணமும் அதுவே.

‘சால்சா’ என்பது ஸ்பானிய மொழியில் குழம்பு, சாந்து போன்றவற்றுக்கான பொதுச்சொல். உப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் பண்டம் ஸ்பானியருடையதல்ல. கோர்த்தேஸ் 1521-ல் அஸ்தெக் தலைநகரைக் கைப்பற்றிய பின் மெக்சிகோவுக்குச் சென்ற பெர்னார்தினோ தெ சகாகுன் என்ற பாதிரியார், அம்மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே விரிவாகப் பதிவு செய்தார். சந்தைகளில் மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் சேர்த்த சாந்துகளை விற்றவர்கள் அதில் இடம்பெறுகிறார்கள். அவற்றை அரைக்கப் பயன்பட்ட கல் ‘மொல்காஹெத்தே’. எரிமலைக் கல்லில் செதுக்கி, மூன்று கால் வைத்த உரல் அது. மெக்சிகோவில் இன்றும் புழங்குகிறது. நம் அம்மிக்கும் அதற்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் இரண்டும் மிளகாய்க்கு ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன.

அந்த மிளகாய் நம்முடையது அல்ல என்பது இப்போது பலரும் அறிந்த செய்தி. பழந்தமிழில் ‘கறி’ என்றால் மிளகு. தமிழ்ச் சமையலின் காரம் அதுவாகத்தான் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்த புதிய பண்டத்துக்குத் தமிழர் பழைய காரத்தின் பெயரையே கொடுத்தனர். மிளகைப் போலக் காரமான காய் ‘மிளகாய்’ ஆயிற்று.

தக்காளியின் பெயர்க் கதை இதைவிடச் சுவையானது. நமக்கு அதற்கு முன்பே மணத்தக்காளி இருந்தது. மெல்லிய உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியும் உண்டு. கடல் கடந்து வந்த சிவப்புப் பழத்தை இந்தக் குடும்பத்தோடு சேர்த்துச் ‘சீமைத் தக்காளி’ என்றனர். நாளடைவில் சீமை உதிர்ந்து, வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். இதே காரியத்தை அஸ்தெக்குகளும் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. அவர்கள் மொழியில் ‘தொமாத்தல்’ என்பது இவ்வகைச் சாறுள்ள உருண்டைக் காய்களுக்கான பொதுப்பெயர். நம் சொடக்குத் தக்காளியின் இனத்தைச் சேர்ந்த, உறை மூடிய பச்சைக் காயையும் அது குறித்தது. சிவப்புப் பழத்துக்கு முன்னொட்டுச் சேர்த்து ‘ஷித்தொமாத்தல்’ என்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள், ஒரே செடிகளைப் பார்த்து ஒரே உறவுமுறை கொண்டாடியிருக்கின்றன.

மிளகாயைப் போலத் தக்காளி நம் அடுக்களையில் சட்டென்று நுழைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பொருளாதாரத் தாவரங்களைத் தொகுத்த ஜார்ஜ் வாட், அது பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது என்றும், இந்தியர்கள் அப்போதுதான் சுவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும் எழுதினார். இன்றும் பல வீடுகளில் திதிச் சமையலில் மிளகாயும் தக்காளியும் சேர்ப்பதில்லை. மிளகும் புளியும்தான். முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும், முன்னோர் அறியாத காய்களை அடுக்களை நினைவில் வைத்திருந்து விலக்குகிறது. எழுதப்படாத வரலாற்று ஆவணம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கதையின் மறுபாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மெக்சிகோவின் சால்சாவில் இன்று இருக்கும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் அந்த மண்ணுடையவை அல்ல. அவையெல்லாம் கப்பலேறி நம் பக்கத்து உலகிலிருந்து போனவை. நாம் சந்தையில் வாங்கும் சிறிய எலுமிச்சைதான் அமெரிக்கக் கடைகளில் ‘மெக்சிகன் லைம்’ என்ற பெயரில் விற்கிறது. நம் புளியும் அங்கே போயிருக்கிறது. மெக்சிகோ தெருக்களில் புளிக்கரைசல் ஒரு குளிர்பானம். அதன் பெயர் ‘தமரிந்தோ’. ‘இந்தியப் பேரீச்சை’ என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. அந்தப் புளியின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா! ஆக, அந்தப் பையனின் கிண்ணத்தில் இருந்ததில் பாதி அங்கிருந்து வந்தது, பாதி இங்கிருந்து போனது. எது யாருடையது என்று பிரித்தால் இருவருக்கும் அரைக் கிண்ணம்தான் மிஞ்சும்.

பிறகு ஏன் நாம் தக்காளியைப் பச்சையாக அரைக்காமல் வதக்கித் தொக்காக்குகிறோம், வேகவைத்துக் கடைகிறோம்? பச்சைப் புளிப்புக்கான இடத்தில் ஏற்கெனவே புளி உட்கார்ந்திருந்தது என்பதே என் ஊகம். புதிதாக வந்தது, காலியாக இருந்த இடத்தில் அமர்ந்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. புளிப்பானையைத் திறந்தார்கள்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. நாட்டுத் தக்காளி நான்கு எடுத்தால், சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு போதும். நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம், நீரும் அதிகம். எனவே நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து நீரை வடித்துவிடவும். மிக்ஸியில் போட்டால் நுரைத்துக் கூழாகிவிடும். அம்மியில் முதலில் மிளகாயையும் கல்லுப்பையும் நன்றாக நுணுக்கி, பின்பு வெங்காயத்தை நசுக்கி, கடைசியில் தக்காளியை இரண்டே இழுப்பு இழுத்தால் போதும். கொத்தமல்லியையும் எலுமிச்சையையும் மேலே சேர்க்கலாம். கம்மஞ்சோற்றுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

‘பாரம்பரிய உணவு’ என்று பலகை எழுதி மாட்டும் காலம் இது. அந்தப் பலகைகளுக்குக் கீழே மிளகாயும் தக்காளியும் தாராளமாகப் புழங்குகின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை. விதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை ஏற்றுக்கொண்ட கை என்ன செய்தது என்பதில்தான் பாரம்பரியம் இருக்கிறது.

பையன் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அம்மிச்சி தானாகவே அதை ஒருமுறை செய்தார். எலுமிச்சையைக் குறைத்துவிட்டு, ஒரு சிறு துண்டு வெல்லத்தை நசுக்கிப் போட்டார். இரண்டு கறிவேப்பிலையையும் கிள்ளிப் போட்டார். பெயர் கேட்டதற்கு, “தக்காளிப் பச்சை ரசம்” என்றார்.

சீமை அங்கேயே உதிர்ந்துவிட்டது.