அனுமதி கேட்டுப் போனவர்கள்

வெளிநாட்டுக்குப் போய் அநாதைப் பிள்ளைகளோடும் விசேட தேவையுடையவர்களோடும் கொஞ்சக் காலம் தொண்டு செய்யிறது எண்டது இப்ப பெரிய புதினமான விசயம் இல்லை. மேற்கு நாடுகளிலே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் பலர், பல்கலைக்கழகம் போகமுதல் ஒரு வருடத்தை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இரண்டு கிழமைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பனிகளும் உண்டு. இது நல்லதா கெட்டதா எண்டு வாதாடுறவை கனபேர். நாங்கள் அந்த வாதத்துக்குள் நேரே போகாமல், இந்தப் பழக்கத்தின் வரலாற்றில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தோம். அந்தத் துண்டு தொடங்குவது ஒரு தொண்டு நிறுவனத்தில் அல்ல, ஒரு நீதிமன்றத்தில்.

லோதார் கிரைஸிக் 1898இல் ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில் பிறந்தவர். 1940இல் பேர்லினுக்கு மேற்கே உள்ள பிராண்டன்பேர்க் நகரத்தில் பாதுகாவலர் விவகாரங்களுக்கான நீதிபதியாக இருந்தார். தம் காரியங்களைத் தாமே பார்க்க முடியாதவர்கள், மனநல விடுதிகளில் இருந்தவர்கள் என்று பல நூறு பேருடைய சட்டப் பொறுப்பு அவருடைய மேசையில் இருந்தது. அந்த வருடம் அவருடைய கோப்புகளில் மரண அறிவித்தல்கள் கூடத் தொடங்கின. ஒரே மாதிரியான காகிதம், ஒரே மாதிரியான காரணங்கள். விடுதியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவர்கள் கொஞ்ச நாளிலேயே செத்துப்போனார்கள்.

நடந்தது என்ன என்று இன்று எல்லோருக்கும் தெரியும். பேர்லினில் தீர்கார்ட்டன் வீதி 4ஆம் இலக்க வீட்டிலிருந்து நடத்தப்பட்டதால் ‘ரி4’ என்று பெயர் பெற்ற திட்டம் அது. 1940 ஜனவரிக்கும் 1941 ஓகஸ்ட்டுக்கும் இடையில் ஆறு நிலையங்களில், உடல் உள ஊனங்களும் நோய்களும் இருந்த 70,000க்கு மேற்பட்டவர்களை நச்சுவாயு கொடுத்துக் கொன்றார்கள். அதிலே ஒரு நிலையம் கிரைஸிக் வேலை செய்த அதே நகரத்துப் பழைய சிறைச்சாலை. அங்கே மட்டும் 9,000க்கு மேல். அவருடைய நீதிமன்றமும் அந்தக் கட்டடமும் ஒரே ஊரில்.

கிரைஸிக் 1940 ஜூலையில் நீதி அமைச்சர் பிரான்ஸ் கியூர்ட்னருக்கு எழுதினார். சட்டம் எதுவும் இல்லாமல் ஆட்களைக் கொல்லுகிறார்கள் என்று நேரடியாகவே எழுதினார். தன் அதிகாரத்துக்கு உட்பட்ட விடுதிகளுக்கு, தன் சம்மதம் இல்லாமல் ஒருவரையும் வேறெங்கும் அனுப்பக்கூடாது என்று கட்டளை போட்டார். திட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான பிலிப் பூலர் மீது கொலைக் குற்றச்சாட்டும் கொடுத்தார். கியூர்ட்னர் அவரைக் கூப்பிட்டு, ஹிட்லர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தின் பிரதியைக் காட்டினார். இதுதான் சட்டம் என்பது அதன் பொருள். தலைவருடைய சொல் சட்டத்தை உண்டாக்காது என்று கிரைஸிக் மறுத்துவிட்டார். அப்படியென்றால் நீர் நீதிபதியாக இருக்க முடியாது என்றார்கள். 1942இல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். சிறையும் இல்லை, சித்திரவதையும் இல்லை. மிச்சம் ஆயிரக்கணக்கான ஜேர்மன் நீதிபதிகள் வாய் திறந்திருந்தால் அவைக்கு என்ன நடந்திருக்கும் எண்ட கேள்விக்கு இதிலே ஒரு பதில் கிடக்கு. அது அந்த நீதிபதிகளுக்குச் சாதகமான பதில் இல்லை.

அதற்குப் பிறகு அவர் தன் தோட்டத்தைப் பார்த்தார். யூதப் பெண்களை அங்கே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். போருக்குப் பிறகு கிழக்கு ஜேர்மனியில், புரட்டஸ்தாந்து திருச்சபை நிர்வாகத்தில் வேலை செய்தார். 1958 ஏப்ரலில் பேர்லினில் திருச்சபையின் பேரவை கூடியபோது, அதன் முடிவில் ஓர் அழைப்பை வாசித்தார். போரை ஜேர்மனியர்களாகிய நாங்களே தொடங்கினோம், மில்லியன் கணக்கான யூதர்களைக் கொன்றோம், அதைத் தடுக்காதவர்களும் அதிலே பங்காளிகள்தான் என்பது அதன் சாரம். அந்த அழைப்பிலே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதன் வினைச்சொல். உதவப்போகிறோம் என்று அது சொல்லவில்லை. உங்கள் நாட்டில் எங்கள் கையால் ஏதாவது நல்லது செய்ய அனுமதி தாருங்கள் என்று கேட்டது. ஒரு ஊர், ஒரு தேவாலயம், ஓர் ஆஸ்பத்திரி, எது வேண்டுமென்று அந்தந்த நாடே சொல்லட்டும் என்று விட்டது. அமைப்பின் பெயரே ‘அக்சியோன் சூனெற்சைஹன்’, அதாவது கழுவாயின் அடையாளம். கழுவாய் முழுதாகச் செய்ய ஏலாது, அடையாளம் மட்டும்தான் காட்டலாம் என்பது அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

அழைப்பு முதலில் பெயர் சொன்னது போலந்தை, சோவியத் ஒன்றியத்தை, இஸ்ரேலை. பனிப்போர் நேரம், அந்தக் கதவுகள் உடனே திறக்கவில்லை. ஆகவே 1959இல் முதல் குழுக்கள் போனது நெதர்லாந்துக்கும் நோர்வேக்கும்.

நோர்வேயில் அவர்கள் போன இடங்களில் ஒன்று, வடக்கே திராஸ்தாட் என்ற இடத்தில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்காக இருந்த விடுதி. அங்கே கட்டட வேலை செய்தார்கள். இன்னும் வடக்கே கொக்கெல்வ் என்ற ஊரில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை, ஃபின்மார்க் மாகாணத்தில் வீடுகளையும் படகுகளையும் பாலங்களையும் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. சனத்தைக் கட்டாயமாக வெளியேற்றியது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே மொழி பேசுகிற பெடியங்கள் சுத்தியலோடு வந்து இறங்கினால் ஊருக்குள் என்ன கதை நடந்திருக்கும் என்பதை இடப்பெயர்வு கண்ட எங்கள் வீடுகளுக்குப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

அடுத்த சில வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1961இல் பிரித்தானியாவின் கொவென்றியில், 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்த பேராலயத்தின் ஒரு பகுதியைப் பதினாறு ஜேர்மன் இளைஞர்கள் திருத்திக் கட்டினார்கள். 1965இல் கொவென்றியிலிருந்து பிரித்தானிய இளைஞர்கள் டிரெஸ்டன் நகரத்துக்குப் போய், பிரித்தானிய விமானங்களின் குண்டில் இடிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்தார்கள். இஸ்ரேலுக்கு முதல் குழு போனதும் 1961இல்தான், ஐக்மன் வழக்கு நடந்த வருடம். இரு நாடுகளுக்கும் இடையே இராஜதந்திர உறவு வர இன்னும் நாலு வருடம் இருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. திராஸ்தாட்டில் ஜேர்மன் இளைஞர்கள் கட்டடம் கட்டிய அதே 1959இல், ரி4 திட்டத்தின் மருத்துவப் பொறுப்பாளராக இருந்த வேர்னர் ஹைடே ஜேர்மனியில் என்ன செய்துகொண்டிருந்தார்? பிளென்ஸ்பேர்க் நகரத்தில் ‘பிரிட்ஸ் சவாட’ என்ற பொய்ப் பெயரில் டொக்டராகவே வேலை செய்துகொண்டிருந்தார். அவர் யாரென்று தெரிந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள். அந்த நவம்பரில்தான் சரணடைந்தார். 1964இல் விசாரணை தொடங்கமுதல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 400,000 பேர். நட்டஈட்டுச் சட்டம் அவர்களைத் துன்புறுத்தப்பட்டவர்களாக ஏற்கவே இல்லை. அந்தக் கருத்தடைத் தீர்ப்புகளை ரத்துச் செய்ய 1998 ஆனது. தீர்கார்ட்டன் வீதியில் நினைவிடம் திறந்தது 2014இல். பக்கத்து நாட்டு விசேட தேவையுடையவர்களுக்குத் தோள் குடுத்த நாடு, தன் வீட்டுக்குள் அவர்களைக் கண்டுகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. கிரைஸிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தூரத்தில் இருப்பவருக்குத் தொண்டு செய்வது பல நேரம் லேசாக இருக்கு, கிட்ட இருக்கிறவை எங்களை அறிவினம்.

1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு கட்டட வேலை குறைந்தது. முகாம்களில் தப்பி வந்த முதியவர்களைப் பார்ப்பதும், விசேட தேவையுடையவர்களோடு நாளாந்தம் இருப்பதும் அமைப்பின் முக்கிய வேலைகளாயின. இராணுவ சேவையை மறுத்த இளைஞர்கள் அதற்கு மாற்றாக இதைச் செய்யவும் வழி வந்தது. கட்டடம் கட்டினால் ஒரு நாள் முடியும், படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒருவருக்குச் சாப்பாடு தீத்துறது, கழுவுறது, கதை கேக்கிறது முடியிற வேலை இல்லை. அதனால்தான் தொண்டர்கள் ஏறத்தாழ ஒரு வருடம் தங்குகிறார்கள், அந்த நாட்டு மொழி படிக்கிறார்கள், அந்த நாட்டு ஊழியர்களுக்குக் கீழே வேலை செய்கிறார்கள்.

இதை ருமேனியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சௌஷெஸ்கு அரசு 1966இல் 770ஆம் இலக்க ஆணையால் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரச விடுதிகளில் விட்டன. மூன்று வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்து, ஊனம் உள்ளவர்களைத் ‘திருத்த முடியாதவர்கள்’ என்று தனி விடுதிக்கு அனுப்பினார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் விடுதிகளில் இருந்தார்கள். 1990இல் தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்து மேற்கிலிருந்து தொண்டர்கள் லொறி லொறியாகப் போனார்கள். மருந்தும் உடுப்பும் போனது, உயிர்களும் காப்பாற்றப்பட்டன, அதை மறுக்க ஏலாது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அநாதைகளே இல்லை, தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். 2000இல் புக்கரெஸ்ட்டில் 136 பிள்ளைகளோடு தொடங்கிய ஆய்வு, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் விடுதியில் இருந்தவர்களை விட நன்றாகத் தேறியதைக் காட்டியது. பிள்ளைக்கு வேண்டியது மாறாத ஒரு முகம். மாதத்துக்கு மாதம் மாறுகிற வெளிநாட்டு அன்பு அதைத் தராது. பிறந்தநாளுக்குச் சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு குடுத்திட்டு, பிள்ளைகளை வரிசையில் நிப்பாட்டிப் படம் எடுக்கிற எங்கடை ஆக்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேணும்.

கிரைஸிக்கின் கதையில் ஒரு பகுதி மிச்சம். 1961 ஓகஸ்ட்டில் பேர்லின் மதில் எழும்பியது. அவர் கிழக்கில், வெளிநாட்டுப் பணிகளை நடத்திய அலுவலகம் மேற்கில். தான் தொடக்கிய வேலையின் பொறுப்பையே அவர் விட வேண்டி வந்தது. கிழக்கு ஜேர்மன் இளைஞர்களுக்கு நோர்வேயும் இல்லை, இஸ்ரேலும் இல்லை, வெளியே போக அனுமதியே இல்லை. அவர்கள் கோடை விடுமுறையில் இரண்டு கிழமை முகாம் போட்டார்கள், தங்கள் நாட்டுக்குள்ளேயே. பராமரிப்பார் இல்லாத யூத மயானங்களைத் துப்புரவாக்கினார்கள், திருச்சபை நடத்திய விசேட தேவையுடையோர் விடுதிகளில் வேலை செய்தார்கள். 1960களின் நடுவில் சிறு குழுக்களுக்குப் போலந்துக்குப் போகக் கிடைத்தது. அங்கே பழைய வதைமுகாம் நிலத்தில் மண் வெட்டினார்கள். 1958 அழைப்பு முதலில் பெயர் சொல்லி அனுமதி கேட்ட நாடுகளில் ஒன்று அது.