கேட்லின் பவளப்பாறை அளவாய்வு

லண்டன் லாயிட்ஸ் சந்தையில் பெயர்பெற்ற கேட்லின் என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொருளுதவியால், உலகப் பவளப்பாறைகளின் நிலையை ஒரே சீரான முறையில் படமெடுத்துப் பதிவுசெய்யும் உத்தேசத்துடன், 2012 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் பவளத்திட்டில் தொடங்கப்பெற்ற விஞ்ஞான முயற்சி இது. புயலாலும் வெள்ளத்தாலும் நேரும் நஷ்டத்தை ஈடுகட்டுவதே தொழிலாகக் கொண்ட ஸ்தாபனத்துக்குப் பருவநிலை மாறும் போக்கை முன்கூட்டி அறிவது சொந்த நலனைச் சார்ந்த விஷயமே. ஆர்க்டிக் பனிப்பரப்பை அளந்த யாத்திரைகளுக்கும் 2009 முதல் 2011 வரை அதுவே பணம் உதவியிருந்தது.

விளம்பரத் தொழிலை விட்டுக் கடலுக்கு வந்த ரிச்சர்ட் வீவர்ஸ் இதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஓவ் ஹோக்-குல்ட்பெர்க் விஞ்ஞானத் தலைமை ஏற்றார். மூன்று காமிராக்களை ஒரு கூட்டினுள் அடைத்து, மோட்டாரால் உந்தப்படும் கருவியின் முனையில் பொருத்தி, சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 2 கிலோமீட்டர் தூரம் முக்குளிப்பவர் செலுத்திச் செல்ல, மூன்று வினாடிக்கு ஒருமுறை படம் பதிவாகும். இவ்வாறு கிடைத்த சுற்றுக்காட்சிகள் கூகுள் வரைபடத்தில் இடம்பெற்றுப் பாமரரையும் கடலடிக்கு அழைத்துச் சென்றன என்றாலும், ஆராய்ச்சிக்கு ஆதாரமாக நின்றவை, ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தரையை நேர் கீழ்நோக்கிக் காட்டும் படங்களேயாம்.

அவற்றின் அருமையை அமெரிக்க சமோவாத் தீவில் கண்டனர். 2014 டிசம்பரில் பழுப்பு நிறத்தோடு செழித்திருந்த பவளக் கிளைகள், 2015 பிப்ரவரியில் அதே இடத்தில் எடுத்த படத்தில் முழுதும் வெளுத்துக் காணப்பட்டன; நீரின் உஷ்ணம் மிகுந்ததால், தம் உடலினுள் வாழ்ந்து தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை அவை வெளியேற்றிவிட, சுண்ணாம்புக் கூடு வெளித் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே மிஞ்சியவை பாசி படர்ந்த இறந்த கிளைகளே. முன்னைய படம் இல்லாதிருந்தால் இழந்தது எவ்வளவு என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இருந்திராது. உலகளாவிய மூன்றாவது பவள வெளிறல் நேர்ந்துள்ளதாக 2015 அக்டோபரில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் அறிவித்தபோது, இக்குழுவும் உடன் நின்றது.

அதே ஆண்டில் கேட்லினை எக்ஸ்எல் குழுமம் வாங்கியதால் முயற்சியின் பெயர் எக்ஸ்எல் கேட்லின் என மாறிற்று. இதன் பணிகளைக் காட்டும் ‘சேஸிங் கோரல்’ திரைப்படம் 2017இல் வெளிவந்தது. மாலத்தீவு, பெர்முடா, ஹவாய் உள்ளிட்ட பல கடற்பகுதிகளில் 2018 வரை சேகரித்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், 2020இல் எவரும் எடுத்து ஆராயுமாறு பொதுவில் வைக்கப்பட்டன. கம்பெனிப் பணத்தால் நடைபெற்ற ஆராய்ச்சியின் பலன் கம்பெனியின் பெட்டகத்தில் முடங்காததே இம்முயற்சியின் தலையாய சிறப்பு.