பாஸ்பரஸின் அளவும் வழியும்: எஞ்சின் ஆயில் உச்சவரம்பு குறித்து ஒரு மறுப்பு

எஞ்சின் ஆயிலில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கே புகைக்குழாயிலுள்ள வினையூக்கி கெடும் என்ற கருத்தின்மேல்தான் 2004இல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-4 தரம் நிற்கிறது. பாஸ்பரஸ் எடையில் 0.08 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. தேய்மானத்தை அஞ்சி 0.06க்குக் கீழும் இறங்கக்கூடாது. இந்த உச்சவரம்பு அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்பது என் வாதம். கேடு செய்வது வினையூக்கியைச் சென்றடையும் பாஸ்பரஸ். புது ஆயிலில் உள்ள அளவைக் கொண்டு அதைக் கணித்துவிட முடியாது.

முன்னைய ஆய்வுகள் பெரிதும் சார்ந்திருந்த சான்று, ஓடித் தேய்ந்த வினையூக்கியின் முகப்பில் கண்ணாடிபோலப் படியும் துத்தநாகப் பைரோபாஸ்பேட். துத்தநாகமும் பாஸ்பரஸும் அங்கே இணைந்திருப்பதால், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் ஜிங்க் டைதயோபாஸ்பேட் கலந்த எண்ணெய் எரியறைக்குள் கசிந்து எரிந்ததால்தான் இரண்டும் வந்தன என்று வாசித்தார்கள். மேற்பரப்பைப் பொறுத்தவரை அந்த வாசிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடியில், வினையூக்கிப் பூச்சின் துளைகளுக்குள், காண்பவை அலுமினியம் பாஸ்பேட்டும் சீரியம் பாஸ்பேட்டும். அவற்றில் துத்தநாகத்துக்குப் பங்கில்லை. பெருங்கேடும் இங்கேதான் நேர்கிறது. பாஸ்பேட்டான சீரியம் தன் மூவிணைதிற நிலையிலேயே பூட்டப்பட்டு, ஆக்சிஜனை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் திறனை இழக்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேர மாற்றும் வேலை தடுமாறுகிறது. அவ்வளவு ஆழம் போன பாஸ்பரஸ் பெரும்பாலும் வாயுவாகவே வந்திருக்க வேண்டும். எரிந்த எண்ணெயிலிருந்தும் பாஸ்பரஸ் வாயுவாகப் பிரியலாமே என்பது நியாயமான மறுப்பு. படிவை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல இயலாது.

பதில் எண்ணெய்த் தொட்டியில் இருக்கிறது. 2010இன் ஜிஎஃப்-5 தரம் சேர்த்த சீக்வென்ஸ் 3ஜிபி சோதனையில், 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் 100 மணி நேரம் ஓடிய ஆயிலின் பாஸ்பரஸ்–கால்சியம் விகிதத்தைப் புது ஆயிலின் விகிதத்தோடு ஒப்பிட்டார்கள். கால்சியம் ஆவியாகாது. எண்ணெய் திரவமாகக் கசிந்து எரிந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. விகிதம் இறங்குகிறது என்றால் பாஸ்பரஸ் தனி வழியில், ஆவியாக, வெளியேறுகிறது. உலோகப் பரப்பில் படியும் தேய்மானத் தடுப்புப் படலம் அதை விழுங்கியிருக்கும் என்பார்கள். 100 நானோமீட்டர் அளவே தடித்த படலம் இந்த இழப்புக்குக் கணக்குச் சொல்லாது. குறைந்தது 79 விழுக்காடு பாஸ்பரஸ் தங்க வேண்டும் என்றது ஜிஎஃப்-5. ஆக, 0.08 விழுக்காடு கொண்ட ஆயில் தகுதி பெற்ற பிறகும் 0.0168 விழுக்காட்டை இழக்கலாம். 0.10 விழுக்காடு இருந்தும் 85 விழுக்காட்டைத் தக்கவைக்கும் ஆயில் இழப்பது 0.015 மட்டுமே. தேய்மானத்தைக் கூடுதலாகத் தடுத்து, ஆவியைக் குறைவாக அனுப்பும் அந்த ஆயிலைத்தான் உச்சவரம்பு தள்ளிவைக்கிறது. ஜிங்க் டைதயோபாஸ்பேட்டின் ஆல்கைல் தொகுதி எது என்பதைப் பொறுத்து ஆவியாகும் தன்மை மாறுவதால், இத்தகைய ஆயில் வெறும் கற்பனையும் அல்ல.

எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினில் திரவ வழியே மேலோங்கும். அங்கே மொத்த அளவுக்கு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். புது எஞ்சினுக்கான தரத்தை அந்த விதிவிலக்கின்மேல் கட்டுவது சரியல்ல. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிக்குள் வந்த நம் இருசக்கர வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் ஆயிலுக்கான ஜாசோ டி903 தரம் பாஸ்பரஸை 0.08 முதல் 0.12 விழுக்காடு வரை என்று அளவால் மட்டுமே வரையறுக்கிறது. தங்கும் பங்குக்கும் அதில் ஒரு வரம்பு வேண்டும்.