காந்த வட்டில் குறிகை அறிதல்: நரம்பணு வலைகளின் வரலாறு

ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனை தருவது 0, 1 என்ற எண்களை அல்ல, ஏறி இறங்கும் மின்னழுத்த அலையை. அந்த அலையிலிருந்து பிட்டுகளை மீட்டெடுக்கும் வேலைக்குக் குறிகை அறிதல் என்று பெயர். இதில் செயற்கை நரம்பணு வலைகள் 1990களில் நுழைந்தன, தொழிற்சாலையில் இடம் பிடிக்காமல் பின்வாங்கின, ஆழ்கற்றல் அலையோடு 2020ஐ ஒட்டித் திரும்பி வந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பழகித் திருந்தும் நரம்பணு, தகவமைவு வடிகட்டி என்ற வடிவில், அலையைப் பிட்டுகளாக மாற்றும் ரீட் சேனல் சில்லுக்குள் நெடுநாளாக இருக்கிறது. அலையில் நேரியல்பு கெடுகிற இடத்தை எங்கே, என்ன செலவில் சரிசெய்வது என்பதில்தான் பிற்கால ஆய்வாளர்கள் வேறுபட்டார்கள்.

தொடக்க காலத்தில் பெரிய சிக்கல் எழவில்லை. 1956இல் வந்த ஐபிஎம் 350 வட்டகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,000 பிட்டுகளே பதிந்ததால் ஒவ்வொரு காந்தத் திசைமாற்றமும் தனித்தனி முகடாகத் தெரிந்தது. முகட்டைக் கண்டால் 1, காணாவிட்டால் 0 என்ற முறையே அடுத்த முப்பதாண்டுகளுக்கு மேல் போதுமானதாக இருந்தது.

அடர்த்தி கூடியபோது முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கோயில் மணியில் முந்தைய அடியின் ரீங்காரம் அடங்குமுன் அடுத்த அடி விழுவதைப் போன்ற நிலை இது. இந்தக் கலப்பைத் தவிர்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு கலக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, முழு வரிசையையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்ற யோசனையை ஐபிஎம்மில் ஹிசாஷி கோபயாஷி 1970ஐ ஒட்டிய கட்டுரைகளில் முன்வைத்தார். ஆண்ட்ரூ விடெர்பி 1967இல் வெளியிட்ட நெறிமுறை அதற்குக் கருவியாயிற்று. பிஆர்எம்எல் எனப்படும் இந்த முறை முதலில் விற்பனைக்கு வந்தது எந்தக் கருவியில் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வட்டகங்களை மட்டும் கணக்கில் கொண்டால் 1990இன் ஐபிஎம் 681ஐச் சொல்வார்கள். நாடாவையும் சேர்த்தால் 1980களின் நடுவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் ராஜர் உட்டும் டேவிட் பீட்டர்சனும் ஈடுபட்டிருந்த எண்முறைப் பதிவுக் கருவிக்கு முன்னுரிமை தர வேண்டியிருக்கும்.

விடெர்பி நெறிமுறைக்கு வகுத்த வடிவில் அலை வந்துசேர வேண்டும். அதற்காக அதன் முன்னே நிற்பது சமனாக்கும் வடிகட்டி. முனைக்கு முனை, தடத்துக்குத் தடம் அலை மாறுவதால், பிழையைப் பார்த்துத் தன் எடைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வடிகட்டி பின்னர் பரவலாயிற்று. அந்தத் திருத்த விதியின் பிறப்பிடம் கவனிக்கத்தக்கது. ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் 1960இல் 'அடலைன்' என்ற செயற்கை நரம்பணுவைப் பழக்குவதற்காக வகுத்த விதியே அது. ஒற்றை நரம்பணுவை, அதுவும் நேரியலானதை, வலை என்று எப்படி ஏற்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அடலைனும் எடைகளைத் திருத்தியது தன் நேரியல் வெளியீட்டின் பிழையை வைத்துத்தான். அதற்கு அப்பால் நின்ற முடிவுப் படி அந்தத் திருத்தத்தில் பங்கேற்கவில்லை. வட்டகத்தில் அந்தப் படியின் இடத்தில் விடெர்பி நிற்கிறது. நரம்பணுவை அடுக்குகளாகப் பெருக்கினால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதே 1990களில் கேட்கப்பட்ட கேள்வி.

அந்தப் பத்தாண்டைப் பற்றிய ஆவணங்கள் மிகுதி. காரணமும் தெளிவானது: நேரியல் மாதிரி ஒரே நேரத்தில் பல பக்கங்களிலிருந்து நெருக்குண்டது. எழுதும்போது, முந்தைய திசைமாற்றத்தின் புலம் அடுத்ததை இடம் பெயர்த்தது. மிக நெருங்கிய இரண்டு திசைமாற்றங்கள் ஒன்றையொன்று ஓரளவு அழித்தன. ஐபிஎம் 1991இல் கொண்டுவந்த காந்தத்தடை முனைகள் வலுவான குறிகையைத் தந்தாலும் மேல்முகடும் கீழ்முகடும் சம உயரத்தில் அமையவில்லை. இவை எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் இரைச்சலிலேயே இருந்தது. படலத்தின் நுண்துகள்கள் ஒழுங்கற்றவை என்பதால் திசைமாற்றத்தின் எல்லை நேர்க்கோடாக அமையாது. எனவே திசைமாற்றம் உள்ள இடத்தில்தான் இரைச்சல் கூடுகிறது, அதாவது எழுதிய தரவே இரைச்சலின் அளவைத் தீர்மானிக்கிறது. தரவைச் சாராத, சீரான இரைச்சலை எண்ணி வகுத்த கணக்குக்கு இது பொருந்தாது.

தொலைத்தொடர்புத் தடங்களில் பல்லடுக்கு வலையைச் சமனாக்கியாகப் பயன்படுத்தலாம் என்று எடின்பரோவில் கிப்சன், சியு, கோவன் ஆகியோர் அதற்குச் சற்று முன்பே காட்டியிருந்தார்கள். அதைக் காந்தப் பதிவுக்குக் கொண்டுவந்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நாயரும் ஜேக்யுன் மூனும் செய்து 1997இல் வெளிவந்தது. நேரியல்பு கெட்டு, தரவைச் சார்ந்த இரைச்சல் மிகும் நிலையில் வலை நேரியல் சமனாக்கியை விஞ்சுகிறது என்பதே அதன் சாரம். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஒசாவா குழுவினர் செங்குத்துப் பதிவுக்கும் இத்தகைய சமனாக்கிகளை ஆராய்ந்தனர்.

திறன் இருந்தும் அவை பரவாததற்குச் சில்லின் வேகத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி, ஒவ்வொரு கேட்டுக்கும் மலிவான தனி மருந்து ஒன்று கிடைத்துவிட்டது. இடப்பெயர்ச்சி முன்பே கணிக்கத்தக்கது என்பதால் எழுதும் கணத்தையே சிறிது நகர்த்தினால் போதும். முகடுகளின் உயர வேறுபாட்டை, அலையின் வர்க்கத்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பெரும்பாலும் சரிசெய்யலாம். தரவைச் சார்ந்த இரைச்சலுக்கு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் காவ்சிச்சும் ஹோசே மௌராவும் வழி கண்டனர்: விடெர்பி ஆராயும் ஒவ்வொரு பிட் வரிசைக்கும் தனித்தனி இரைச்சல் கணிப்பு வடிகட்டி. அதன் மதிப்பு நீதிமன்றத்தில் அளக்கப்பட்டது என்பது இத்துறையில் அரிய செய்தி. காப்புரிமை மீறலுக்காகச் சில்லு நிறுவனமான மார்வெல் சுமார் 117 கோடி டாலர் தர வேண்டும் என்று 2012இல் ஜூரி கூறியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2016இல் 75 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று.

காவ்சிச்–மௌரா வழியை நரம்பணு வலைக்கு எதிரான வெற்றியாகக் கொள்வோர் உண்டு. ஆனால் நிலைமைக்கு நிலைமை மாறும் நேரியல் வடிகட்டிகளின் தொகுப்பே அது. திருத்திய நேரியல் அலகுகளால் ஆன இன்றைய ஆழ்வலையும் துண்டுதுண்டாக நேரியலானதே. வலையில் துண்டுகளின் எல்லையை உள்ளே வரும் அலை தீர்மானிக்கிறது, காவ்சிச்–மௌரா முறையில் ஊகித்த பிட்டுகள் தீர்மானிக்கின்றன. இயற்பியலை அறிந்த பொறியாளர் கையால் வகுத்துக் கொடுத்ததை வலை எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கிறது. கேட்டின் மூலம் தெரிந்தவரை கையால் வகுத்ததே சிக்கனம்.

2000களின் பெரும் மாற்றங்களான செங்குத்துப் பதிவும் எல்டிபிசி என்ற பிழைதிருத்தும் குறியீடும் வலைகளின் உதவியின்றியே நிறைவேறின.

சதுர அங்குலத்துக்கு 10 லட்சம் கோடி பிட் என்ற இலக்கைச் சொல்லி இருபரிமாணக் காந்தப் பதிவு 2009இல் முன்மொழியப்பட்டபோது கையால் வகுக்கும் அந்தச் சிக்கனம் கேள்விக்குள்ளானது. முன்மொழிந்த நால்வரில் ஆம்பெக்ஸ் கால ராஜர் உட்டும் ஒருவர், காவ்சிச்சும் ஒருவர். இந்தப் பதிவில் பக்கத்துத் தடங்களின் அலையும் கலப்பதால் ஆராய வேண்டிய நிலைகள் அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. எல்லாவற்றுக்கும் கையால் வடிகட்டி வகுக்க இயலாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2020ஐ ஒட்டி, விடெர்பியைப் போல முழு வரிசையையும் ஆராயும் நிலைவலை அறிவானையும் ஆழ்வலையையும் இணைத்து, அந்த வலையைப் போலிமை அலைகளில் பழக்கிச் சோதித்தது. 10¹⁵ பிட்டுக்கு ஒரு பிழை என்ற தரத்தைக் கேட்கும் தொழிலில் இப்படிப் பழக்கிய வலையை நம்ப முடியுமா என்ற ஆட்சேபம் உண்டு. ஆனால் அந்தத் தரத்தை எட்டுவது எல்டிபிசியின் பொறுப்பு. அதற்கு முன் நிற்கும் அறிவான் நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய பிழை வீதத்தில் இயங்கினாலும் போதும், அந்த அளவை ஆய்வகத்திலேயே எண்ணிவிடலாம். இதைவிடக் கனமானது வேறோர் ஆட்சேபம். எல்டிபிசி கேட்பது முடிவை மட்டுமல்ல, அந்த முடிவின் மீதுள்ள நம்பிக்கையின் அளவையும். தவறான பிட்டை மிகுந்த உறுதியோடு சொல்லும் வலை, தயங்கிச் சொல்லும் எளிய வடிகட்டியைவிடத் தீங்கானது. நொடிக்கு 100 கோடி பிட்டுக்கு மேல் படிக்கும் சில்லில் ஒரு பிட்டுக்கு எத்தனை பெருக்கல்களுக்கு மின்சாரம் ஒதுக்கலாம் என்ற கணக்கும் இன்னும் முடிவாகவில்லை.