அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் எது சிறந்தது, குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று இந்த மன்றத்தில் பேசச் சொன்னார்கள். எனக்கு முன் பேசிய நண்பர்கள் எந்தப் பூங்காவில் எத்தனை விளையாட்டுகள், எது உயரம், எது வேகம் என்று விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் செமிலிங்கைச் சேர்ந்தவன். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு சொல்லிக் கொடுத்த பழக்கம் விடாது. அதனால் வேறு ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரைப் பேரப்பிள்ளைகளோடு சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டைக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இங்க முன்னாடி என்ன மரம் இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

செந்தோசா என்பதே புதிய பெயர். அதன் பழைய பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. வெள்ளைக்காரன் பீரங்கிகளை நிறுத்திக் காவல் காத்த இராணுவத் தீவு அது. 1960-களின் இறுதியில் ஆங்கிலேயப் படை வெளியேறியது. அதன் பிறகுதான் அமைதி என்று பொருள்படும் பெயரைச் சூட்டி உல்லாசத் தீவாக்கினார்கள். பூங்கா 2010-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது, நமது கெந்திங் மலையில் லிம் கோ தோங் தொடங்கிய நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் அடுத்ததையும் தேட மனம் போகிறது. இந்தப் பூங்காக்களுக்கெல்லாம் மூத்தது கலிபோர்னியாவில் அனாஹைம் நகரில் 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் என்கிறார்கள். டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனில் 1843-இலேயே திவோலி பூங்கா திறந்தாகிவிட்டது. வால்ட் டிஸ்னி அதை நேரில் போய்ப் பார்த்தவர். ஆனாலும் ஒரு கதையை, ஒரு கற்பனை உலகத்தை வைத்து முழுப் பூங்காவையும் அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியது அனாஹைம்தான். அந்த 160 ஏக்கரும் முன்பு ஆரஞ்சுத் தோட்டம். மரங்களைச் சாய்த்து ஓராண்டுக்குள் கட்டி முடித்தார்கள். திறப்பு நாளன்று போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட, புதுத் தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்ததாம். தோட்டம் அழிந்து வேறொன்று வருவதை நாம் பார்க்காதவர்களா? ஆனால் அங்கே குதிகால் புதைந்த கதை எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு, அங்கே ஆரஞ்சு பறித்தவர்களின் கதை எழுதப்பட்டதை நான் காணவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தோக்கியோ. 1983 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்த டிஸ்னிலேண்ட்தான் அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது. பெயர் தோக்கியோவாக இருந்தாலும், இருப்பது உராயாசு என்ற பக்கத்து ஊரில். அது மீனவர் ஊர். சிப்பியும் கடற்பாசியும் எடுத்துப் பிழைத்தவர்கள். 1958-இல் ஒரு காகிதத் தொழிற்சாலையின் கறுப்புக் கழிவுநீர் கடலில் கலந்து சிப்பிகள் செத்தன. மீனவர்கள் திரண்டு போய்த் தொழிற்சாலைக்குள் புகுந்தார்கள். போலீசாரோடு கைகலப்பு ஆயிற்று. அதே ஆண்டின் இறுதியில் ஜப்பான் நீர்த் தூய்மைக்குச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்ததே தவிர, கடல் தேறவில்லை. மீன்பிடி உரிமையை 1962-இல் ஒரு பகுதியும் 1971-இல் மிச்சமும் விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில்தான் இன்று சிண்டரெல்லாவின் கோட்டை நிற்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் உராயாசு நகரின் பெரும்பகுதியில் மண் நீராய் இளகிப் பொங்கியது. பூங்காவும் ஒரு மாதம் மூடிக் கிடந்தது.

ஆனால் உராயாசு தன் பழைய கதையை மறைக்கவில்லை. நகரின் அருங்காட்சியகத்தில் அந்த மீனவர் குடியிருப்பை வீடும் படகுமாக மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். தோக்கியோவுக்குப் பயணம் போகிறவர்கள் அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். அன்பான வேண்டுகோள் இது.

பாரிஸ் பூங்கா 1992-இல் எழுந்ததும் விவசாய நிலத்தில்தான். திறந்து இரண்டரை மாதத்தில் பிரெஞ்சு விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வழியை மறித்தார்கள். அவர்கள் கோபம் அமெரிக்காவின் விவசாயக் கொள்கை மீது. அதைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த வாசல் மிக்கி மவுஸின் வாசல்! நம் நாட்டில் சன்வே லகூன் 1993-இல் திறக்கப்பட்டது, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கப் பள்ளத்தில். அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். பாழாய்க் கிடந்த பள்ளம் அது.

தோட்டப்புறத்து ஆளுக்கு நிலத்தின் மீது ஏன் இத்தனை கண் என்று இளைஞர்கள் கேட்கலாம். 1950-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, துண்டு துண்டாகப் போன நிலத்தோடு வேலையும் வீடும் போயிற்று. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்தான் என் தாயார். அவர் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. அந்தக் காலத்துப் பினாங்கு நியூ வோர்ல்ட், கோலாலம்பூர் பிபி பார்க் போன்ற இடங்களில் ஏறும் ராட்டினத்துக்கு, பார்க்கும் ஆட்டத்துக்குத் தனித்தனியே காசு கொடுத்தோம். அனாஹைமிலும் 1982 வரை அந்த முறைதான். ஏ முதல் இ வரை சீட்டு கிழித்தார்கள். இன்று வாசலிலேயே மொத்தப் பணம். ஒரு விளையாட்டிலும் ஏறாத என் தாயாருக்கும் சலுகை போக மீதியைக் கட்டினோம். நாள் முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆகவே பாட்டியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே அளந்து பாருங்கள். பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 102 சென்டிமீட்டர் உயரம் கேட்பார்கள். வாசலில் அழும் பிள்ளையை யார் சமாதானம் செய்வது? ஹாங்காங் போகிறவர்கள் சீனப் புத்தாண்டைத் தவிர்ப்பது நல்லது. 2006-இல் கூட்டம் தாங்காமல் கதவை மூடியபோது, கையில் சீட்டு இருந்தும் உள்ளே போக முடியாதவர்கள் பிள்ளைகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். இரண்டு ஆண்டாகப் பணம் சேர்த்தவர் அண்மையில் வந்து, "சார், பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். சிங்கப்பூரா, ஹாங்காங்கா?" என்று கேட்டார். பேருந்திலேயே போய்விடலாம், சிங்கப்பூர் என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். எங்கள் ஊரிலேயே சுங்கை பத்து தோட்டத்தில், செம்பனைக்கு அடியிலிருந்து இரும்பு உருக்கிய பழங்கால உலைகளையும் படகுத்துறையின் அடித்தளத்தையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறோம். அதே சுங்கை பத்துவில் இருந்த ஒரு பழைய சண்டியை 2013-இல் நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பதும் வெளியே வந்த செய்திதான். சிங்கப்பூர் போகும் முன் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம் என்றேன்.

கூட நின்ற மூத்த பையன், "அங்க சறுக்கு இருக்கா சார்?" என்றான். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோட்டார்ல போனா பத்து நிமிஷந்தானே, வரேன்" என்றான்.